நூறாவது இரவை நிரப்பாதீர்கள்: நாடகம் வாசிக்கும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்



கல்லூரி வகுப்பறையிலும் நூலக மாடியிலும் யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியிலும் வட்டமாக உட்கார்ந்து நாடகப் பிரதிகளை வாய்விட்டு வாசிக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். வாசிப்பு முடிந்ததும் உங்களிடையே முதலில் எழும் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: இதில் எது விட்டுப்போயிருக்கிறது? கணவன் ஏன் வீட்டை விட்டுப் போனான் என்று ஆசிரியர் சொல்லவில்லை. இரண்டாம் காட்சிக்கும் மூன்றாம் காட்சிக்கும் நடுவே என்ன நடந்தது என்று தெரியவில்லை. முடிவு முடிவாகவே இல்லை. இப்படி ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு, மேடையேற்றும் வேளையில் அந்த ஓட்டைகளை அடைக்கத் தொடங்குகிறீர்கள். இங்கே ஒரு பின்னணிக் குரல், அங்கே ஒரு கனவுக் காட்சி, திரையில் ஒரு வீடியோ, அதுவும் போதாவிட்டால் ஒரு பாட்டு. உங்கள் உழைப்பு உண்மையானது, அக்கறையும் உண்மையானது. ஆனால் பல நாடகங்கள் அந்த ஓட்டை வழியாகத்தான் மூச்சு விடுகின்றன. அதை அடைத்ததும் அவை ஏன் கனத்துப்போகின்றன என்று உங்களுக்கே விளங்காமல் போகிறது.

குறையைக் குறையாக மட்டும் பார்க்காத ஒரு கண் ஜப்பானில் பல நூற்றாண்டுகளாகப் பழகி வந்திருக்கிறது. உடைந்த கிண்ணத்தைப் பொன்தூளும் அரக்கும் சேர்த்து ஒட்டிய படம் இன்று எல்லோருடைய கைப்பேசியிலும் வந்துவிட்டதால், அந்தக் கண்ணைப் பற்றி நமக்கு ஏற்கெனவே தெரியும் என்று தோன்றலாம். நான் சொல்ல வருவது கிண்ணத்தைப் பற்றி அல்ல. நாடகத்தைப் பற்றி. அந்த ரசனைக்குச் சொல் கொடுத்தவர்களில் பலர் மேடையில் நின்றவர்கள், அல்லது மேடைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள். அதனால் அதை நாடக வாசிப்புக்குக் கொண்டுவருவது வேறொரு துறையின் அளவுகோலைக் கடன் வாங்குவது ஆகாது.

1330ஐ ஒட்டிய ஆண்டுகளில் கென்கோ என்ற துறவி எழுதிய ‘ட்சுரேசுரேகுசா’ என்ற குறிப்புகளிலிருந்து தொடங்கலாம். செர்ரிப் பூவை முழுதாக விரிந்த நாளிலும் நிலவை மேகமற்ற இரவிலும் மட்டும்தான் பார்க்க வேண்டுமா என்று அவர் கேட்கிறார். அரும்பு கட்டிய கிளையும் பூ உதிர்ந்து கிடக்கும் முற்றமும் அவருக்கு இன்னும் உயர்ந்தவை. அதே மூச்சில் காதலைப் பற்றியும் பேசுகிறார். இருவரும் சேர்ந்திருக்கும் பொழுது மட்டுமா காதல்? நிறைவேறாத வாக்கும் தனியே விடியும் இரவும் காதலை அறிந்தவர்களின் பங்கு என்பது அவர் கட்சி. எதற்கும் தொடக்கமும் முடிவும்தான் சுவை என்று அவர் சொல்வதைப் படிக்கும்போது, காட்சி எழுதத் தெரிந்த ஒருவரின் குரலாகவே அது எனக்குக் கேட்கிறது.

இன்னொரு சான்று இதைவிட நேரடியானது. எளிய தேநீர் விருந்து என்ற மரபைத் தொடங்கி வைத்தவராகக் கருதப்படும் முராத்தா ஜுகோ 1502இல் இறந்தார். மேகம் சற்றும் மறைக்காத நிலவில் தமக்கு நாட்டமில்லை என்று அவர் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. ஜப்பானிய ரசனையைப் பற்றிய பல நூல்களில் அதைக் காணலாம். அந்தச் செய்தியை நமக்குக் காப்பாற்றிக் கொடுத்தவர் கொம்பாரு ஸென்போ. அவர் தேநீர்க்காரர் அல்ல, நோஹ் என்ற பழைய ஜப்பானிய மேடைக்கலையின் நடிகர். நோஹ் நாடகத்தின் பெருந்தலையான ஸெயாமியின் மருமகன் ஸென்சிக்கு; அவருடைய பேரன்தான் இந்த ஸென்போ. தன் கலையைப் பற்றிப் பேசும்போது ஒரு நடிகருக்கு அந்த நிலவு நினைவுக்கு வந்திருக்கிறது. தேநீர் அறையும் நோஹ் மேடையும் ஒரே மண்ணில் முளைத்தவை என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் எனக்கு வேண்டியதில்லை.

இப்போது மேடைக்கு வருவோம். ஏறத்தாழ ஆறு மீட்டர் சதுரத்தில் வெறும் மரத்தளம். பின்சுவரில் வரைந்த ஒரு பைன் மரம். பக்கவாட்டில் நடிகர் நடந்து வரும் பாலம். கதை மலையில் நடந்தாலும் கடற்கரையில் நடந்தாலும் அந்தப் பைன் மரம் மாறாது. வண்டி வேண்டுமென்றால் மூங்கிலை வளைத்து வெள்ளைத் துணி சுற்றிய ஒரு சட்டகம் வரும். அது வண்டியின் கோட்டுருவம்தான். மீதி வண்டியைப் பார்ப்பவர் கட்டிக்கொள்ள வேண்டும். நடிகர்களும் வாத்தியக்காரர்களும் பல நாள் சேர்ந்து ஒத்திகை பார்ப்பதும் கிடையாது. பெரும்பாலும் ஒரே ஒரு கூட்டு ஒத்திகை, பிறகு ஒரே ஒரு நிகழ்ச்சி. ஒவ்வொருவரும் தம் பங்கை எலும்பு வரை கற்று வந்திருப்பார். ஆனால் எல்லாம் சேர்ந்து எப்படி அமையும் என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

‘அவோய் நோ உஏ’ என்ற நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஜப்பானிய நாவல் ஒன்றின் நாயகன் கெஞ்சி; அவன் மனைவி அவோய் நோயில் கிடக்கிறாள். அவளைப் பீடித்திருப்பது ரொகுஜோ என்ற சீமாட்டியின் உயிர். செத்தவளின் ஆவி அல்ல, பொறாமையால் உடலை விட்டு வெளியேறி அலையும் உயிருள்ளவளின் ஆவி. நாடகத்தின் பெயரே அவோய். ஆனால் அவோய் மேடையில் இல்லை. முன்பகுதியில் மடித்து விரித்த ஓர் உடுப்பு கிடக்கிறது. அதுதான் அவோய். ரொகுஜோ அந்த உடுப்பை நெருங்குகிறாள், குனிந்து பார்க்கிறாள், விசிறியால் அடிக்கிறாள். நோயாளியாக ஒரு நடிகை அங்கே படுத்து முனகியிருந்தால் நம் இரக்கம் முழுவதும் அவள் பக்கம் போயிருக்கும். வெறும் துணி கிடப்பதால், அடிப்பவளின் வேதனையைப் பார்க்க நம் கண்ணுக்கு இடம் கிடைக்கிறது. கெஞ்சியும் வருவதில்லை. இரண்டு பெண்களை இப்படி ஆக்கிய ஆண் நாடகம் முழுவதும் இல்லாமலே இருக்கிறான். எந்தப் பாத்திரத்தை ஆசிரியர் மேடைக்குக் கொண்டுவரவில்லை என்ற கேள்வியை எந்த நாடகத்திடமும் கேட்கலாம் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்த உடுப்புதான்.

இல்லாமையின் சக்தி நோஹ்வோடு நிற்கவில்லை. அதைவிடக் கலகலப்பான பொம்மலாட்ட மேடைக்கு எழுதியவர் சிக்காமட்சு மொன்சாயெமொன் (1653-1725). அவருடைய கருத்துகளை ஹொசுமி இக்கான் என்ற அறிஞர் 1738இல் வெளியான ஒரு நூலில் பதிந்து வைத்தார். கலை என்பது நிஜத்துக்கும் பொய்க்கும் நடுவே உள்ள மெல்லிய சவ்வில் இருக்கிறது என்பது அவர் கொள்கை. அதை விளக்க ஒரு கதை சொன்னார். அரண்மனைப் பெண் ஒருத்தி, தான் அடிக்கடி சந்திக்க முடியாத காதலனைப் போலவே ஒரு மரப்பொம்மை செய்யச் சொன்னாள். தோலின் நிறம், மயிர்க்கால், காது மூக்குத் துவாரம், பல்லின் எண்ணிக்கை வரை எல்லாம் அச்சு அசலாக இருந்தன. பொம்மையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவளுக்கு உடம்பு கூசியது. காதலே ஆறிப்போனது. பொம்மையைத் தூக்கி எறிந்துவிட்டாள். மேடையில் எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவந்துவிடத் துடிக்கும் ஒவ்வொரு இயக்குநரும் இந்தக் கதையை ஒருமுறை கேட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இனி, இந்த மடலின் தலைப்புக்குக் காரணமானவளிடம் வருகிறேன். ஒனோ நோ கொமாச்சி 9ஆம் நூற்றாண்டின் கவிஞர். அவருடைய அழகைப் பற்றியும் முதுமையைப் பற்றியும் பிற்காலத்தில் கிளைத்த கதைகளை வைத்துப் பல நோஹ் நாடகங்கள் எழுந்தன. அவற்றில் ‘சோதோபா கொமாச்சி’ ஸெயாமியின் தந்தை கனாமி எழுதியது. கோயா மலையிலிருந்து வரும் துறவிகள் வழியில் ஒரு பிச்சைக்காரக் கிழவியைப் பார்க்கிறார்கள். அவள் உட்கார்ந்திருப்பது பட்டுப்போன மரக்கட்டை என்று தோன்றினாலும், அது புத்தரைக் குறிக்கும் ஸ்தூபிக் கட்டை. எழுந்திரு என்று அதட்டுகிறார்கள். அவள் அவர்களோடு வாதிடுகிறாள். அவள் சமயத் தர்க்கத்தில் துறவிகளே தோற்றுத் தரையில் தலை வைக்கிறார்கள். யார் நீ என்று கேட்கும்போதுதான் கொமாச்சி என்று தெரிகிறது. அங்கே நாடகம் திசை திரும்புகிறது. அவள் உடம்பில் இன்னொருவன் ஏறிக்கொள்கிறான். ஃபுக்காகுசா என்ற ஊரின் பிரபு அவன். நூறு இரவு தொடர்ந்து வந்தால் ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒரு காலத்தில் அவள் அவனிடம் சொல்லியிருந்தாள். மழையிலும் பனியிலும் தொண்ணூற்றொன்பது இரவு வந்தான். நூறாவது இரவுக்கு முன் செத்துப்போனான். அவனுடைய தொப்பியையும் உடுப்பையும் அணிந்துகொண்டு, தன்னால் வதைபட்டவனின் நடையைக் கிழவியே நடந்து காட்டுகிறாள். கடைசியில் புத்தநெறியை நாடும் சில வரிகளோடு நாடகம் சட்டென்று நின்றுவிடுகிறது.

ஓர் இரவுதான் குறைகிறது. அவன் நூறாவது இரவும் வந்திருந்தால் அது ஒரு காதல் கதை. பத்தாவது இரவில் சலித்துத் திரும்பியிருந்தால் கதையே இல்லை. ஒன்று குறைந்த தொண்ணூற்றொன்பது இருப்பதால்தான் கொமாச்சியின் கடன் தீராமல் இருக்கிறது, அவன் இன்னும் நடந்துகொண்டே இருக்கிறான். அவள் உண்மையிலேயே அவனை ஏற்றிருப்பாளா என்று நாடகம் சொல்வதில்லை. அதைச் சொல்லிவிடும் ஒரு காட்சியை எழுதிச் சேர்க்க யாருக்கும் கை துறுதுறுக்கும். சேர்த்தால் நூறாவது இரவை நிரப்பிவிடுவீர்கள். மிஷிமா யூகியோ 1952இல் இதே கதையை ஒரு நவீனப் பூங்காவுக்குக் கொண்டுவந்தபோது அந்தக் குறையைத் தொடாமல் காப்பாற்றினார். அவருடைய கிழவி சிகரெட் துண்டுகளைப் பொறுக்கி எண்ணுகிறாள். தன்னை அழகி என்று சொன்னவர்கள் எல்லோரும் செத்தார்கள் என்று ஓர் இளம் கவிஞனை எச்சரிக்கிறாள். அவனும் சொல்கிறான், சாகிறான். கிழவி மறுபடி துண்டுகளை எண்ண உட்காருகிறாள். கணக்கு எப்போதும் முடிவதில்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். குறையின் அழகு என்று பேசத் தொடங்கியதும் வறுமையையும் முதுமையையும் வெறும் ஓவியமாகப் பார்க்கும் சபலம் வந்துவிடுகிறது. எளிய தேநீரை வளர்த்தவர்களில் பலர் சக்காய் துறைமுகத்தின் பணக்கார வணிகர்கள். அந்த மரபை உச்சத்துக்குக் கொண்டுபோன ஸென் நோ ரிக்கியூவும் அந்த ஊர்க்காரர்தான். அவர்கள் வைக்கோல் கூரையைத் தாமாகத் தேர்ந்துகொண்டார்கள். வேறு கூரை இல்லாதவருக்கு அது தேர்வு ஆகாது. கொமாச்சியின் கந்தல் பையில் கொஞ்சம் காய்ந்த தானியம் இருக்கிறது, நாளைய பசிக்கு. துறவிகள் அது என்ன பை என்று கேட்கும் இடத்தை வாசிக்கும்போது அவசரப்படாதீர்கள். அழகு அந்தப் பசியைத் துடைத்துவிடுமானால், அந்த அழகு நமக்கு வேண்டாம். கனாமியும் துடைக்கவில்லை, முதலில் பிச்சைக்காரியைக் காட்டிவிட்டுத்தான் கவிஞரைக் காட்டுகிறார்.

இன்னொரு தவறான புரிதல் உங்களில் நடிக்கிறவர்களைத் தொடும். குறை அழகென்றால் பயிற்சி எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். மனப்பாடம் சரியாக இல்லாத நடிகர், குரல் எட்டாத நடிகர், நேரத்துக்கு அணையாத விளக்கு, எல்லாவற்றுக்கும் இந்த ஜப்பானிய ரசனையைப் போர்வையாகப் போர்த்திவிட முடிகிறது. ஸெயாமி இதற்கு இடமே கொடுக்கவில்லை. 1400ஐ ஒட்டி அவர் எழுதத் தொடங்கிய ‘ஃபூஷிகாதென்’ நூலில் நடிகனின் பயிற்சி ஏழு வயதில் தொடங்குகிறது. பிறகு 1420இல் எழுதிய இன்னொரு நூலில் அவர் ஒரு விசித்திரமான நிலையைப் பற்றிப் பேசுகிறார். எல்லா முறைகளையும் கரைத்துக் குடித்த பெரிய நடிகர் சில சமயம் வேண்டுமென்றே முறை தவறிய அசைவு ஒன்றைச் சேர்ப்பார். நல்லதை மட்டுமே பார்த்துப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு அது புதிதாக இருக்கும்; அவர் கையில் தவறும் சரியாகிவிடும். அதைப் பார்த்த இளம் நடிகர் அதையே செய்தால் அது தவறாகவே நிற்கும். முழுமையைத் தொட்டுவிட்டு அதை விட்டு ஒரு படி விலகுவது வேறு. அதன் பக்கமே போகாதது வேறு.

தம் தந்தையின் கடைசி நிகழ்ச்சியைப் பற்றி ஸெயாமி எழுதியிருப்பதை நினைத்துப் பார்க்கிறேன். 1384ஆம் ஆண்டு, ஐந்தாம் மாதம் நான்காம் நாள். சுருகா நாட்டில் செங்கென் கோயில். கனாமிக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. கடினமான பாத்திரங்களை இளையவர்களுக்கு விட்டுவிட்டு, தமக்கு எளிதானவற்றை மட்டும் அடக்கமாக, அங்கங்கே கொஞ்சம் வண்ணம் சேர்த்து ஆடினார். இலையும் கிளையும் குறைந்த கிழ மரத்தில் பூ மட்டும் உதிராமல் நின்றது போல அது இருந்தது என்று மகன் எழுதுகிறார். பார்த்தவர்கள் உயர்ந்தோர், எளியோர் என்ற வேறுபாடின்றிப் பாராட்டினார்கள். பதினைந்து நாள் கழித்து, அதே மாதம் பத்தொன்பதாம் நாள், கனாமி இறந்துபோனார். முதுமையில் குறைந்துவிட்டதை அவர் மறைக்க முயலவில்லை, குறைந்ததற்கு ஏற்ப ஆட்டத்தை வெட்டினார். எதை விட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மனம் முழுதாக அசையட்டும், உடம்பு அதில் ஏழு பங்கு மட்டும் அசையட்டும் என்று ஸெயாமி பின்னாளில் வகுத்த விதிக்கு விதை இந்தக் கோயில் மேடையில் விழுந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

அந்த வழி அறுந்துபோகவில்லை. ஓட்டா ஷோகோ (1939-2007) என்ற நாடகாசிரியர் 1977இல் கொமாச்சியை நினைவூட்டும் ஒரு நாடகத்தைத் தோக்கியோவின் யாராய் நோஹ் அரங்கில் மேடையேற்றினார். மட்டமான ஓர் அறையில் தனியே வாழும் முதியவள்தான் அதன் நாயகி. அவளுக்காக அவர் வசனம் எழுதி வைத்திருந்தார். ஆனால் அந்த மேடையில் நின்று பார்த்தபோது தாம் எழுதிய சொற்களை அந்த இடம் ஏற்கவில்லை என்று அவருக்குத் தோன்றியது. அவள் பேச்சு முழுவதையும் எடுத்துவிட்டார். மற்றவர்கள் பேசுகிறார்கள், அவள் கடைசி வரை பேசுவதில்லை. வசனமே எழுதாமல் விடுவது வேறு. எழுதி, வேண்டாம் என்று எடுப்பது வேறு. எடுத்த வசனத்தின் கனம் அந்த மௌனத்தில் தங்கிவிடுகிறது.

1981இல் அவர் செய்த ‘நீர் நிலையம்’ இன்னும் தூரம் போனது. அதில் யாருக்குமே பேச்சு கிடையாது. மேடை நடுவில் ஓர் உடைந்த குழாய். அதிலிருந்து நூல் போல் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கிறது. எங்கிருந்தோ எங்கேயோ போகிறவர்கள் ஒவ்வொருவராக, மிக மிக மெதுவாக நடந்து வந்து, குடித்துவிட்டுப் போகிறார்கள். யாராவது குடிக்கக் கையை நீட்டும்போது தண்ணீரின் ஓசை நிற்கும், அந்த நிசப்தம் இடி போல் விழும். கேரளத்தைச் சேர்ந்த இயக்குநர் சங்கர் வெங்கடேஸ்வரன் இதை இந்திய நடிகர்களோடு மேடையேற்றியிருக்கிறார், ஆகவே இது நமக்கு எட்டாத நாடகம் என்று ஒதுக்க வேண்டாம். குழாய் பழுதாகாமல் இருந்திருந்தால் நாடகமே இல்லை என்பதை மட்டும் கவனியுங்கள்.

இந்தக் கண்ணாடியை ஜப்பானுக்கு வெளியே எழுதப்பட்ட நாடகங்களுக்குப் போட்டுப் பார்க்கலாமா? பார்க்கலாம், எல்லாவற்றுக்கும் இல்லை. ‘ஈடிபஸ் அரசன்’ போன்ற நாடகத்தில் ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததோடு பூட்டிக்கொள்ள வேண்டும். அங்கே போய் இடைவெளி தேடுவது வீண். செகாவின் ‘செர்ரித் தோட்டம்’ (1904) வேறு வகை. நான்காம் அங்கத்தில் லோபாகினும் வார்யாவும் தனியே விடப்படுகிறார்கள். அவன் அவளிடம் திருமணப் பேச்சை எடுப்பான் என்று வீடே காத்திருக்கிறது. அவள் மூட்டையில் எதையோ தேடுவது போல் குனிகிறாள். அவன் வெளியே எத்தனை டிகிரி குளிர் என்கிறான், அவள் வெப்பமானி உடைந்துகிடக்கிறது என்கிறாள். வெளியிலிருந்து யாரோ அவனைக் கூப்பிடுகிறார்கள், போய்விடுகிறான். அவன் ஏன் கேட்கவில்லை என்பதற்கு நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகளாகக் காரணம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு காரணத்தை நடிகர் தேர்ந்து அதை முகத்தில் எழுதிக்கொண்டால் காட்சி சின்னதாகிவிடும். கட்டுமானத்தில் விரிசலே விடாத இப்சன்கூட ‘பேய்கள்’ (1881) நாடகத்தில், நோயில் சிதைந்த மகன் முன் தாய் மார்ஃபின் மாத்திரைகளோடு நிற்கும்போது திரையை இறக்கிவிட்டார். அவள் கொடுத்தாளா இல்லையா என்பது அவர் எழுத்தில் கிடையாது. செகாவுக்கும் இப்சனுக்கும் ஜப்பானியப் பட்டம் கட்டச் சொல்லவில்லை. அந்தக் கண் நமக்குப் பழகிவிட்டால் அவர்கள் எங்கே நிறுத்தினார்கள் என்பது இன்னும் துல்லியமாகத் தெரியும், அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு வழக்கை உங்கள் முன் வைக்கிறேன். இது ஒரு தந்தைக்கும் மகனுக்கும் நடந்த வழக்கு.

ஸெயாமியின் மகன் மோட்டோமாசா எழுதிய நாடகம் ‘சுமிதாகாவா’. ஆள் பிடிப்பவன் கடத்திப்போன மகனைத் தேடிக் கியோட்டோவிலிருந்து ஒரு தாய் கிழக்கே வருகிறாள். புத்தி தடுமாறியவள் என்று ஊர் சிரிக்கிறது. சுமிதா ஆற்றைக் கடக்கப் படகேறுகிறாள். அக்கரையில் கூட்டமாக நெம்புத்சு என்ற பிரார்த்தனை கேட்கிறது. என்ன அது என்று ஒரு பயணி கேட்கப் படகோட்டி சொல்லத் தொடங்குகிறான். போன ஆண்டு இதே நாளில், பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் நோய்ப்பட்டு நடக்க முடியாமல் ஆற்றங்கரையில் விடப்பட்டுச் செத்தான். தன் பெயரையும் ஊரையும் சொல்லி, பாதையோரம் புதைக்கக் கேட்டுக்கொண்டான். எல்லோரும் இறங்கிய பிறகும் தாய் படகில் உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொன்றாகக் கேட்கிறாள்: எப்போது, என்ன வயது, என்ன பெயர். புதைமேட்டின் முன் அவளால் வாய் திறந்து பிரார்த்திக்க முடியவில்லை. படகோட்டி சேகண்டியை அவள் கையில் கொடுக்கிறான். அவளும் அடித்துப் பிரார்த்திக்க, மேட்டுக்குள்ளிருந்து ஒரு சிறுவனின் குரல் கூடச் சேர்கிறது. சிறுவன் வெளியே வருகிறான். அவள் தழுவப் போகிறாள், கை வெறுமையாகிறது. மறைகிறான், மறுபடி தோன்றுகிறான். விடிகிறது. புல் மண்டிய மேடு மட்டும் இருக்கிறது.

மகனை இழந்து அலையும் தாயின் கதைகள் நோஹ்வில் பல உண்டு. அவற்றில் பெரும்பாலும் தாயும் பிள்ளையும் சேர்ந்துவிடுவார்கள். மோட்டோமாசா சேர்க்கவில்லை, அதுவே அந்த நாளில் பெரிய துணிச்சல். ஆனால் அப்பாவுக்கு அது போதவில்லை. 1430இல் ஸெயாமியின் பேச்சுகளை இன்னொரு மகன் தொகுத்த நூலில் இந்த உரையாடல் பதிவாகியிருக்கிறது. மேட்டுக்குள் சிறுவன் நடிகனை வைக்காமலே ஆடினால் இன்னும் நன்றாக இருக்கும் என்கிறார் ஸெயாமி. தாய் காண்பது உயிருள்ள பிள்ளையை அல்லவே, ஆவியைத்தானே என்பது அவர் வாதம். மோட்டோமாசா, அப்படி ஆட என்னால் முடியாது என்கிறார். ஸெயாமி வற்புறுத்தவில்லை. இப்படிப்பட்டவற்றைச் செய்து பார்த்து, நன்றாக வருவதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி விட்டுவிடுகிறார். இரண்டு ஆண்டு கழித்து, 1432இல், மோட்டோமாசா அப்பாவுக்கு முன்பே இறந்துபோனார். மேட்டுக்குள் பிள்ளை வேண்டாம் என்று சொன்ன கிழவர் தாமே பிள்ளையைப் புதைத்தவரானார். அந்தத் துயரத்தைத் தனியாக எழுதியும் வைத்தார். 1434இல் ஷோகுன் அவரை சாதோ தீவுக்கு நாடு கடத்தினார்.

இருவரில் யார் பக்கம்? தனியே வாசிக்கும்போது நான் ஸெயாமி பக்கம். பிள்ளை இல்லாவிட்டால் தாய் வெறும் காற்றைத் தழுவுவாள், அவள் பார்த்தாளா, நினைத்துக்கொண்டாளா என்று நமக்குத் தெரியாது. அந்தத் தெரியாமை முழுவதும் நம் மேல் விழும். ஆனால் மோட்டோமாசாவின் மறுப்பும் கோழைத்தனம் இல்லை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. கண்ணெதிரே நின்ற பிள்ளை கைக்குள் இல்லாமல் போவது வேறொரு கொடுமை. கொடுத்துவிட்டுப் பறிக்கிறது நாடகம். தொடக்கம் முதல் அந்தச் சிறுவன் மூடிய சட்டகத்துக்குள் ஒளிந்து உட்கார்ந்திருக்கிறான் என்பது விவரம் தெரிந்த பார்வையாளருக்குத் தெரியும். தாய் ஆற்றைக் கடந்து வரும் நேரமெல்லாம் அவன் அங்கேதான் இருக்கிறான் என்ற அறிவே நெஞ்சை அடைக்கும். இருவருமே முழுமையை மறுக்கிறார்கள், மறுக்கும் இடம்தான் வேறு.

மூன்றாவதாக ஒருவர் இதே கதையை எடுத்தார். பெஞ்சமின் பிரிட்டன் 1956இல் தோக்கியோவில் ‘சுமிதாகாவா’ பார்த்து அதிர்ந்துபோய், 1964இல் இங்கிலாந்தின் ஆர்ஃபோர்டு தேவாலயத்தில் ‘கர்லூ ரிவர்’ என்ற இசை நாடகமாக அதை அரங்கேற்றினார். இசை அபாரமானது. ஆனால் அங்கே சிறுவனின் ஆவி தாய்க்கு ஆறுதல் சொல்கிறது, அவள் சித்தம் தெளிகிறாள், மறுமையில் சந்திப்போம் என்ற வாக்குக் கிடைக்கிறது. ஒரு தேவாலயத்தில் அது இயல்பான முடிவு. ஆனால் எனக்கு அந்த வாக்கை விட, விடியலில் மிஞ்சும் புல் பெரிது.

மேட்டுக்குள் பிள்ளையை வைத்துத்தான் இன்றும் பெரும்பாலும் ஆடுகிறார்கள். வழக்கு ஆறு நூற்றாண்டாகத் தீர்ப்பில்லாமல் திறந்தே கிடக்கிறது. நீங்கள் அடுத்த முறை கூடும்போது இந்த ஒரு காட்சியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், படகிலிருந்து தாய் இறங்கும் இடத்திலிருந்து விடியல் வரை. முதலில் சிறுவனின் வரிகளை வாசிக்க வட்டத்துக்கு நடுவே ஒருவர் உட்காரட்டும். பிறகு அவரை எழுந்து வெளியே போகச் சொல்லுங்கள். அவருடைய வரிகள் வரும் இடத்தில் யாரும் வாசிக்க வேண்டாம், அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். தாயாக வாசிப்பவர் இரண்டு முறையும் ஒருவராகவே இருக்கட்டும். எந்த முறையில் அவர் குரல் தடுமாறியது, எந்த முறையில் கேட்டவர்கள் தலை நிமிர்ந்தார்கள் என்று குறித்து எனக்கு எழுதுங்கள். நான் ஸெயாமி பக்கம் என்று சொல்லியிருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம்.

அன்புடன்,
உங்களைப் போலவே நாடகம் வாசிக்கும் ஒருவர்